பேரரசர் மாரிமுத்து குதிரை ஏறிய கதை

உங்கள் ஏழு பேருடைய பெயரும் எனக்கு இன்னும் மனதில் நிற்கவில்லை. ஆனால் முதல் நாளே நீங்கள் செய்த காரியம் என் காதுக்கு வந்துவிட்டது. "ஐந்நூறு பேர் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியுமா?" என்று மேனேஜர் கேட்டாராம். ஏழு பேரும் ஒரே குரலில் "தெரியும் சார்" என்றீர்களாம். ரொம்ப சந்தோஷம். நானும் அப்படித்தான் வந்தேன்.

திருச்சியில் ஓட்டல் மாடியில் நடந்த இன்டர்வியூவில் என்னிடம் "ஏசி டக்ட் வேலை தெரியுமா?" என்றார்கள். அதுவரைக்கும் நான் பார்த்த ஒரே ஏசி அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்ததுதான். "தெரியும் சார்" என்றேன். ஷார்ஜாவில் இறங்கி, பக்கத்தில் வேலை செய்தவன் கையைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். வளைகுடாவில் பாதிக் கட்டடங்கள் இப்படி எழுந்தவைதான். அவை இன்னும் விழாமல் நிற்பது நம்முடைய திறமையா, கடவுளுடைய கருணையா என்று எனக்குத் தெரியாது. பாருங்கள், "தெரியாது" என்று சொல்ல எனக்கு இருபத்து மூன்று வருஷம் பிடித்திருக்கிறது.

பிறகு எப்படியோ இந்தக் கம்பெனிக்கு வந்து, படப்பிடிப்புக்கும் விளம்பரத்துக்கும் ஆள் திரட்டிக் கொடுக்கும் சூப்பர்வைசர் ஆனேன். எண்ணிக்கை, பஸ், சாப்பாடு, கையெழுத்து எல்லாம் நீங்களே இரண்டு நாளில் பழகிக்கொள்வீர்கள். அதைச் சொல்லி உங்கள் கழுத்தை அறுக்க மாட்டேன். நான் சொல்ல வந்தது மாரிமுத்து குதிரை ஏறிய கதை. என்னை ரிட்டையர் ஆக்கிய கதையும் அதுதான். அதே மேனேஜர் இன்று என்னைக் கூப்பிட்டு, "புதுப் பசங்களுக்கு உங்க அனுபவத்தைச் சொல்லுங்க அண்ணே" என்கிறார். மனுஷனுக்குக் கூச்சமே கிடையாது.

ஐரோப்பாக்காரர்கள் ஒரு சரித்திரப் படம் எடுக்க வந்திருந்தார்கள். பைசாந்தியப் பேரரசுக்கும், அதன்மேல் படையெடுத்து வந்த நார்மன்காரர்களுக்கும் நடந்த சண்டை. அது நடந்து ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சண்டை நடந்தது கிரேக்க நாட்டுப் பக்கம். படம் பிடித்தது அல் ஐன் ஊருக்கு வெளியே, மணலும் கல்லுமாகக் கிடந்த ஒரு வெளியில். புல், ஆறு, மலை எல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் முளைக்குமாம்.

அவர்களோடு ஒரு சரித்திரப் பேராசிரியர் வந்திருந்தார். நரைத்த தாடி, கழுத்தில் ஈரத் துண்டு. பேரரசின் படையாக நான் நிறுத்தியிருந்த அறுபது பேரையும் வரிசையாகப் பார்த்தார். எல்லாம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள், நடுநடுவே சில நேபாளிகள். 'கிரேக்கன் எங்கேய்யா?' என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "மிகச் சரி" என்றார். அந்தப் பேரரசின் படையில் பெரும்பகுதி கூலிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களாம். இங்கிலாந்தில் நார்மன்காரனிடம் சொந்த நாட்டைப் பறிகொடுத்தவர்கள், கடல் தாண்டிப் போய்ப் பேரரசரிடம் வேலைக்குச் சேர்ந்தார்களாம். அங்கே எதிரே வந்து நின்றவனும் அதே நார்மன்காரன்தானாம். ஊரை விட்டு வந்தவனுக்கு அதிர்ஷ்டம் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போல.

"சார், அவங்களுக்கு கஃபீல் யாரு?" என்று கேட்டேன். விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "பேரரசர்" என்றார். நல்ல மனுஷன்.

அன்று எடுக்க வேண்டிய காட்சியையும் அவரே எனக்குச் சொன்னார். பேரரசர் நார்மன்காரர்களிடம் அதுவரை உதைதான் வாங்கிக்கொண்டிருந்தார். நேருக்கு நேர் நின்றால் ஆகாது என்று ஒரு தந்திரம் செய்தார். தன் அங்கியையும் கொடியையும் வேறொருவருக்குக் கொடுத்து, 'நீ பேரரசர் மாதிரி முன்னால் போய், பயந்தவன் மாதிரி திரும்பி ஓடு' என்றார். நார்மன்காரர்கள் பேரரசரே ஓடுகிறார் என்று துரத்திக்கொண்டு போனார்கள். உண்மையான பேரரசர் ஒளிந்திருந்து, காவலில்லாமல் கிடந்த அவர்களுடைய முகாமைப் பிடித்துக்கொண்டார். ஆக அன்றைக்கு முக்கியமான ஆள் பேரரசர் இல்லை. ஒப்புக்குச் சப்பாணியாக ஓடுகிறவன்தான்.

அந்த ஓடுகிறவனாக நடிக்க வேண்டிய குதிரைக்காரருக்கு அன்று காலையில் வயிற்றுப்போக்கு. செப்டம்பர் முதல் வாரம். பன்னிரண்டரை மணிக்கு மேல் வெளியில் வேலை கூடாது என்ற உச்சிவெயில் சட்டம் அமலில் இருந்தது. மணி பதினொன்றே முக்கால். டைரக்டர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். "ஐம்பது மீட்டர் போனால் போதும், யாராவது ஒருத்தனை ஏற்று!" என்றார்.

நான் அறுபது பேரின் முன்னால் போய் நின்று, "குதிரை ஓட்டத் தெரிஞ்சவன் யாரு?" என்று கத்தினேன்.

அறுபது கையும் மேலே போயின.

சிரிக்காதீர்கள். நீங்கள் இருந்திருந்தால் அறுபத்தேழு ஆகியிருக்கும். என் மூளைக்கு அப்போதே எட்டியிருக்க வேண்டும். அறுபது பேரும் சாரம் கட்டுகிறவர்கள், சிமென்ட் கலக்குகிறவர்கள். ஊரில் இவர்கள் பார்த்த குதிரை அய்யனார் கோவில் வாசலில் நிற்கும் மண்குதிரைதான். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது 'தெரியும்' என்ற சொல். அது கிடைத்துவிட்டது.

ஆளைத் தேர்ந்தெடுத்தது உடுப்புக்குப் பொறுப்பான மங்கை. யாழ்ப்பாணத்துக்காரர். மற்றவர்களுக்கு மங்கை அக்கா. நான் வயதில் மூத்தவன் என்பதால் எனக்கு மங்கை, அவருக்கு நான் அண்ணை. அந்த ஊதா அங்கியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் ஒவ்வொருவர் தோளிலும் வைத்துப் பார்த்தார்.

"அண்ணை, இது இவருக்குத்தான் அளவாக் கிடக்கு. மற்ற ஆக்களுக்கு எல்லாம் நிலத்தில இழுபடுது. நேரம் போகுது, கெதியாச் சொல்லுங்கோ."

அந்த 'இவர்' மாரிமுத்து. அறந்தாங்கிப் பக்கம். உயரமான, வாயே திறக்காத ஆள். சாரம் கட்டுகிற கம்பெனி ஒன்றின் கேம்ப்பில் தங்கி, அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தார். அங்கே வேலை முடிந்துபோய், பாதிப் பேரை ஊருக்கு அனுப்பப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாத நாளில் ஆட்களை எங்களிடம் அனுமதிக் கடிதத்தோடு அனுப்புவார்கள். அனுப்பிய இடத்திலிருந்து ஒரே ஒரு புகார் போனால் போதும், அந்த ஆள் பெயர் பட்டியலில் ஏறிவிடும். விசா கேன்சல், கலாஸ், கதை முடிந்தது. மாரிமுத்துவுக்கு அந்த மாதம்தான் விசா புதுப்பிக்க வேண்டும். மகள் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னது மொத்தமே அவ்வளவுதான்.

"மாரிமுத்து, குதிரை ஓட்டத் தெரியுமாய்யா?"

"தெரியும்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்ணே."

குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கரீம் பாய் என்ற பலூச்சிக்காரர். குதிரை அவர் வேலை பார்க்கும் தோட்டத்துக் குதிரை. மாரிமுத்து இடது காலுக்குப் பதிலாக வலது காலை வைத்து ஏறப் போனதைப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரியாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்கு ஓட்ட வருமா?" என்று இந்தியில் கேட்டார். "வரும், வரும், ஜல்தி!" என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாரிமுத்து சொன்ன பொய் அவருக்கு மட்டும் உரியது. அதை வாங்கிக் கையெழுத்துப் போடாத குறையாக அடுத்தவருக்கு விற்றவன் நான். கரீம் பாய் தோளைக் குலுக்கிவிட்டு, லகானை மாரிமுத்து கையில் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். அவரை இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நார்மன் படை பஞ்சாபிகளும் பட்டாணியர்களுமாக நாற்பது பேர். கம்பளி நூலில் பின்னி வெள்ளிச் சாயம் அடித்த கவசத்தில் வெந்துகொண்டிருந்தார்கள். டைரக்டர் கையை இறக்கினார். குதிரை நாலடி நடந்தது. பிறகு என்ன நினைத்ததோ, காதை ஒருமுறை ஆட்டிவிட்டு எடுத்தது பாருங்கள் ஓட்டம்! ஐம்பது மீட்டர், நூறு மீட்டர், அப்புறம் கணக்கே இல்லை. மாரிமுத்து லகானை விட்டுவிட்டுக் குதிரையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஊதா அங்கி மேலே பறக்கிறது. "அய்யோ… அம்மா… அண்ணே!" என்ற சத்தம் சின்னதாகிக்கொண்டே போகிறது.

நாற்பது நார்மன்காரர்களும் ஒரு மனுஷன் ஆபத்தில் இருக்கிறான் என்று புரிந்து, காப்பாற்றுவதற்காக உயிரை விட்டு ஓடினார்கள். கத்தியைக் கீழே போட யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் நாற்பது பேர் கத்தியைத் தூக்கிக்கொண்டு, "பகடோ! பகடோ!" என்று, அதாவது பிடி பிடி என்று, அலறியபடி ஓட, டைரக்டர் கேமராவுக்குப் பின்னால் நின்று ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். வாழ்க்கையில் இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லையாம்.

மேட்டைத் தாண்டிக் குதிரை மறைந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. உடனே பிக்கப் வண்டிகள் கிளம்பின. டிரோன் கேமரா பறக்கவிட்டவன், உதவி டைரக்டர்கள், டிரைவர்கள், எங்கள் மேனேஜர், ஆம்புலன்ஸ் என்று, உடுப்பு வேனும் தண்ணீர் டேங்கரும் தவிரச் சக்கரம் வைத்தவை எல்லாம் நாலு திசையிலும் போயின. டிரோனுக்குச் சார்ஜ் தீர்ந்துவிட்டது. புழுதியில் யார் எங்கே போகிறார்கள் என்றே தெரியவில்லை.

வெயில் நாற்பத்தைந்து டிகிரி. இரும்பு மாதிரி கனக்கும் அங்கி. மாரிமுத்து கையில் தண்ணீர் இல்லை, போனும் இல்லை. போன் அங்கிக்குள் புடைத்துத் தெரியும் என்று நான்தான் வாங்கி என் பையில் வைத்திருந்தேன். அது என் பையில் ஒருமுறை அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தேன். திரையில் 'வீடு' என்று இருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

திரும்பிப் பார்த்தால், பேரரசின் படையில் மீதி ஐம்பத்தொன்பது பேரும் நார்மன் முகாமாகப் போட்டிருந்த கூடாரத்துக்குள் புகுந்திருந்தார்கள். அந்தக் கூடாரத்தில்தான் மதியச் சாப்பாட்டை வைத்திருந்தோம். மணி பன்னிரண்டரை. காவலுக்கு ஒரு நார்மன்காரனும் இல்லை. நூற்றுப் பத்துப் பொட்டலம் பிரியாணியில் பாதியைப் பிரித்தாகிவிட்டது. பேராசிரியர் கூடார வாசலில் நின்று, "சரித்திரத்தில் நடந்தது அப்படியே இதுதான்" என்று முனகிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "ஏன்டா, ஒருத்தன் உயிர் அங்க ஊசலாடுது, உங்களுக்குச் சோறு இறங்குதா?" என்று நான் போட்ட சத்தத்தில் பலர் எழுந்துவிட்டார்கள். சிலர் கையில் லெக்பீஸோடு எழுந்தார்கள்.

அப்போதுதான் கரீம் பாயைக் கவனித்தேன். தண்ணீர் டேங்கர் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நிதானமாக டீயை ஊதிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் ஓடினார்களே, குதிரை யாருடையதோ அந்த ஆளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"கோடா பாகா நஹி, பாய்," என்றார். "கர் கயா."

குதிரை ஓடவில்லை, வீட்டுக்குப் போயிருக்கிறது என்கிறார். தோட்டத்தில் தினமும் பன்னிரண்டரைக்கு அதற்குத் தண்ணீர் காட்டுவாராம். வெயில் ஏறினால் அது தானாகவே கிளம்பிவிடுமாம். நாங்கள் எல்லோரும் அவசரத்தில் மறந்த உச்சிவெயில் சட்டத்தை அந்தக் குதிரை ஒன்றுதான் ஞாபகம் வைத்திருந்தது. "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றேன். "யார் கேட்டீங்க?" என்றார்.

நான், மங்கை, கரீம் பாய் மூவரும் உடுப்பு வேனில் கிளம்பினோம். தோட்டம் நாலு கிலோமீட்டர். ஊதா அங்கியின் கிழிந்த துண்டு ஒரு முள்செடியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் மங்கை, "பிள்ளையாரே" என்றார்.

பேரீச்சை மர நிழலில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், பேரரசர் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தோட்டத்து வங்காளிகள் நாலு பேர். ஒருவர் அவர் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார், ஒருவர் மோர் கொடுக்கிறார். குதிரை பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தொட்டிக்கு முன்னால் அது சட்டென்று நின்றதில் மாரிமுத்து தொட்டிக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறார். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்று அழுதேன். மாரிமுத்து என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"அண்ணே, ஆறு மணி ஹெட் கவுண்ட்டுக்குள்ள கேம்ப்புக்குப் போயிரலாமாண்ணே? ஆள் இல்லைன்னா ஓடிப்போயிட்டான்னு எழுதிருவாங்கண்ணே."

சாவைப் பார்த்துவிட்டு வந்தவன் கேட்ட முதல் கேள்வி அது. "போயிரலாம்யா" என்றேன்.

கிளினிக்கில் கட்டுப் போட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். அதற்குள் மேனேஜர் ஒரு படிவத்தோடு காத்திருந்தார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸுக்கு எழுதித் தருகிற படிவம். நீங்களும் ஒருநாள் அதைப் பார்ப்பீர்கள். 'ஓட்டத் தெரியுமா என்று அவரிடம் கேட்கப்பட்டதா?' பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

"ஆம்ல டிக் பண்ணுங்க. தெரியும்னு பொய் சொன்னான்னு கீழ ஒரு வரி எழுதுங்க. உண்மைதானே? நமக்குப் பிரச்சினை இல்லை," என்றார்.

உண்மைதான். நூற்றுக்கு நூறு உண்மை. அந்த உண்மை மாரிமுத்துவுடைய கம்பெனிக்குப் போனால், இரண்டு வாரத்தில் அவர் விமானத்தில் இருப்பார். எனக்கும் இரண்டு வருஷ வேலை பாக்கி இருந்தது. நான் என்ன உத்தமனா? பேனாவை 'ஆம்' கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

கிழிந்த அங்கியைத் தைத்துக்கொண்டிருந்த மங்கை தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அண்ணை, நீங்கள் இஞ்ச வரேக்க உங்களிட்ட என்ன கேட்டவை?"

அவருக்கு என்னுடைய டக்ட் கதை தெரியும். நான்தான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன். கீழே, 'நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நானே ஏற்றிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் இரண்டு வரி சுத்தப் பொய். மூன்றாவது வரி சத்தியம். மேனேஜர் படித்துவிட்டு, "உங்களுக்குப் பைத்தியமா?" என்றார். "தெரியாது சார்" என்றேன்.

மாரிமுத்து அஞ்சே முக்காலுக்குக் கேம்ப் வாசலில் இறங்கினார். புகார் எதுவும் போகவில்லை. அந்த மாதம் அவர் விசாவைப் புதுப்பித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, வயதை முன்னிட்டு என்று சொல்லி எனக்குக் கேக் வெட்டினார்கள். மேனேஜர்தான் ஊட்டிவிட்டார்.

ஆகவே தம்பிகளா, யாரிடமும் 'தெரியுமா' என்று கேட்காதீர்கள். 'செய்து காட்டு' என்று சொல்லுங்கள். நம்ம ஆட்களிடம் தெரியுமா என்று கேட்பது கேள்வியே இல்லை. 'வேலை வேண்டுமா வேண்டாமா' என்றுதான் அவர்கள் காதில் விழும். கேட்டுவிட்டுப் பழியை அவன் தலையில் கட்டாதீர்கள். இன்னொன்று, எல்லோரும் ஓடும்போது யார் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்று பாருங்கள். முதலில் அவரிடம் கேளுங்கள்.

போன மாதம் அந்தப் படம் டிவியில் வந்தது. போலிப் பேரரசர் ஓடும் காட்சிதான் படத்திலேயே பிரமாதம். புல்வெளியில், ஆற்றங்கரையில், கம்ப்யூட்டர் மலைகளுக்கு நடுவே மாரிமுத்து குதிரைக் கழுத்தைக் கட்டிக்கொண்டு பறக்கிறார். 'அண்ணே' என்ற சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் வைத்திருக்கிறார்கள். மறுநாள் மாரிமுத்து போன் செய்தார். கேம்ப்பில் பன்னிரண்டு பேர் ரூமில் உட்கார்ந்து பார்த்தார்களாம். ஊரில் மகளும் பார்த்தாளாம். வீடியோ காலில் வந்து, "அப்பா, உனக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாளாம்.

"நீ என்னய்யா சொன்னே?" என்றேன்.



"தெரியும்னு சொல்லிட்டேண்ணே."

நல்லவேளை, ஓட்டிக் காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை.